திருகு எங்கே போகணும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். திருகு வேணுமா என்று சொல்லாது!

முதுகெலும்பு ஆபரேஷன்: பனியன் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

திருப்பூர்:

பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடியும் நேரம். புஷ்பா தியேட்டர் பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பஸ்சுக்குக் காத்திருப்பவர்களில் பலர் ஒரு கையை இடுப்பில் ஊன்றியபடிதான் நிற்கிறார்கள்.

பவர் டேபிளில் பத்து மணி நேரம் குனிந்து உட்கார்ந்த டெய்லர். நின்ற காலிலேயே துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர். துணி ரோலைத் தோளில் ஏற்றி வேனில் போட்ட லோடுமேன். மூன்று பேர் வாயிலும் ஒரே பேச்சு.

"இடுப்பு புடிச்சுக்கிச்சுங்ணா!"

அதற்கு பதில் பேச்சும் தயாராக இருக்கிறது.

"கோயமுத்தூர்ல இப்ப கம்ப்யூட்டரே ஆபரேஷன் பண்ணுதாமா. தப்பே நடக்காதாமா. போட்டுக்கிட்டு வந்துருங்க!"

இதில் பாதி உண்மை. பாதி தப்பு. எது உண்மை, எது தப்பு என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டால் போவது பணம் மட்டும் அல்ல. கால் நடையும் போகலாம். தேவைப்படும்போது பயந்துகொண்டு போகாமல் இருந்தாலும் அதே கதிதான்.

கத்தி பிடிப்பது டாக்டர்தான்

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் ஆபரேஷன் செய்வது இல்லை. அது வழி காட்டுகிறது. அவ்வளவுதான்.

தெரியாத ஊரில் செல்போனில் மேப் போட்டு வண்டி ஓட்டுகிறோம். மேப் ஸ்டியரிங் பிடிப்பது இல்லை. 'இப்போது இங்கே இருக்கிறாய், அடுத்து வலது பக்கம் திரும்பு' என்று மட்டும் சொல்கிறது. முதுகெலும்பு ஆபரேஷனில் கம்ப்யூட்டர் செய்வதும் அந்த வேலைதான்.

எந்திரக் கை வைத்த ரோபோவும் உலகத்தில் வந்துவிட்டது. இஸ்ரேல் நாட்டு மேசர் கம்பெனியின் முதுகெலும்பு ரோபோவுக்கு 2004-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அந்தக் கையும் திருகு போக வேண்டிய கோணத்தைப் பிடித்துக் காட்டும். துளை போடுவதும் திருகை இறக்குவதும் டாக்டர்தான்.

பென்சிலைவிட ஒல்லியான பாலம்

இவ்வளவு தூரம் வழி காட்ட வேண்டிய அவசியம் என்ன?

மனிதன் பிறக்கும்போது முதுகில் 33 முள்ளெலும்புகள். வளர்ந்த பிறகு கீழே உள்ள 9 எலும்புகள் ஒட்டிப்போய்விடும். மிச்சம் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 12, இடுப்பில் 5. ஆக 24 எலும்புகள் தனித்தனியாக அசைகின்றன. இவற்றின் நடுவே ஒரு குழாய் மாதிரி வழி. அதற்குள் தண்டுவடம்.

தண்டுவடம் அறுந்தால் திரும்ப முளைக்காது. அடிபட்ட இடத்துக்குக் கீழே கை, கால், சிறுநீர், மலம் எல்லாமே கட்டுப்பாடு இழந்து போகலாம்.

எலும்பு நொறுங்கினாலோ, வளைந்தாலோ, இடம் விட்டு நழுவினாலோ டாக்டர்கள் திருகு வைத்து, கம்பி கோர்த்து, எலும்புகளை நேராகப் பிடித்து நிறுத்துகிறார்கள். அந்தத் திருகு போகும் வழிதான் ஆபத்தான இடம். முள்ளெலும்பின் பின் பகுதியையும் முன் பகுதியையும் இணைக்கும் சிறு எலும்புப் பாலம் அது. பெடிக்கிள் என்று பெயர்.

பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் பென்சிலின் கனம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். நெஞ்சின் நடுப் பகுதியில் இந்தப் பாலத்தின் அகலம் பலருக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர்தான்! திருகும் ஏறக்குறைய அதே கனம். உள் பக்கம் விலகினால் தண்டுவடம். வெளிப் பக்கம், முன் பக்கம் விலகினால் நுரையீரலும் பெரிய ரத்தக் குழாயும்.

பிறவியிலோ வளரும் வயதிலோ முதுகு கோணிப்போன பிள்ளைகளுக்கு இன்னும் கஷ்டம். எலும்பே திருகிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் கோணல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

1963-ல் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ராய் காமில் இந்தப் பாலம் வழியாகத் திருகு வைக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பல வருஷங்களாக டாக்டர்கள் கை உணர்வையும் எக்ஸ்ரேயையும் நம்பித்தான் இந்த வேலையைச் செய்தார்கள். இன்றும் பல இடங்களில் அப்படித்தான்.

கோவையில் நடந்த பரீட்சை

கம்ப்யூட்டர் வழிகாட்டி உண்மையிலேயே பிரயோஜனமா, அல்லது விளம்பரமா? இந்தக் கேள்விக்கு பதில் தேடி அமெரிக்கா வரை போக வேண்டாம். திருப்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் விடை இருக்கிறது.

கோவை கங்கா ஆஸ்பத்திரி 1978-ல் ஆரம்பிக்கப்பட்டது. அங்கே முதுகெலும்பு டாக்டர் எஸ்.ராஜசேகரனும் அவருடைய குழுவினரும் ஒரு பரீட்சை நடத்தினார்கள். முடிவு 2007-ல் 'ஸ்பைன்' என்ற உலக மருத்துவப் பத்திரிகையில் வெளிவந்தது.

முதுகு கோணியவர்கள், கூன் விழுந்தவர்கள் என்று 33 நோயாளிகள். இன்னாருக்கு இந்த முறை என்று டாக்டர் விருப்பப்படி பிரிக்காமல், சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். 17 பேருக்கு கம்ப்யூட்டர் வழிகாட்டியுடன் ஆபரேஷன். 16 பேருக்கு வழக்கமான எக்ஸ்ரே முறை. எல்லாமே நெஞ்சுப் பகுதித் திருகுகள்.

பிறகு ஸ்கேன் எடுத்து ஒவ்வொரு திருகாக எண்ணிப் பார்த்தார்கள்.

வழக்கமான முறையில் வைத்த திருகுகள் 236. அதில் எலும்புப் பாலத்தை விட்டு விலகியவை 54. அதாவது 100-க்கு 23.

கம்ப்யூட்டர் வழிகாட்டியுடன் வைத்த திருகுகள் 242. விலகியவை 5. அதாவது 100-க்கு 2!

நேரமும் மிச்சம். ஒரு திருகு வைக்க வழக்கமான முறையில் சராசரி 4.61 நிமிஷம். கம்ப்யூட்டர் முறையில் 2.37 நிமிஷம்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. விலகிய திருகு எல்லாம் நரம்பை அடித்துவிட்டது என்று அர்த்தம் அல்ல. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் விலகிய திருகோடு எந்தத் தொந்தரவும் இல்லாமல் நடமாடுகிறவர்கள் உண்டு. ஆனால் எந்தத் திருகு சும்மா இருக்கும், எந்தத் திருகு நரம்பைத் தொடும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் 23-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

இன்னொன்று. இது கோணல் முதுகில் நடந்த பரீட்சை. இடுப்புப் பகுதியில் பாலம் அகலம். எலும்பும் நேராக இருந்தால், கை தேர்ந்த டாக்டர் கம்ப்யூட்டர் இல்லாமலேயே சரியாக வைப்பார். அங்கே வித்தியாசம் இவ்வளவு இருக்காது.

எப்படி வேலை செய்கிறது?

எக்ஸ்ரே 1895-ல் வந்தது. அது நிழல் படம். முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரியும். 1971-ல் இங்கிலாந்தில் சி.டி. ஸ்கேன் வந்தது. கண்டுபிடித்த ஹவுன்ஸ்பீல்டு வேலை பார்த்தது, பாட்டு ரிக்கார்டு போடும் இ.எம்.ஐ. கம்பெனியில்! 1979-ல் அவருக்கு நோபல் பரிசு. உடம்பை ரொட்டித் துண்டு மாதிரி சீவிச் சீவிப் பார்க்கும் வசதி அப்போதுதான் கிடைத்தது.

1990-களின் நடுவில் சுவிட்சர்லாந்திலும் பிரான்சிலும் டாக்டர்கள் அந்த ஸ்கேன் படத்தை கம்ப்யூட்டரில் ஏற்றி, முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வழிகாட்டியாக வைத்தார்கள். ஒரு சிக்கல் வந்தது. ஸ்கேன் எடுத்தது முந்தின நாள், ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து. ஆபரேஷன் நடப்பது மறு நாள், குப்புறப் படுக்க வைத்து. அதற்குள் எலும்புகளின் நிலை மாறிவிடும். படத்தையும் ஆளையும் புள்ளிக்குப் புள்ளி பொருத்துவதே பெரிய வேலை.

2000-க்குப் பிறகு இதற்கும் வழி பிறந்தது. ஆபரேஷன் மேஜையிலேயே படம் எடுக்கும் எந்திரம் வந்தது. கோவைப் பரீட்சையில் பயன்பட்டதும் அந்த வகைதான். நோயாளியைச் சுற்றி அரை வட்டமாக ஓடி, வரிசையாகப் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாகக் கோர்த்துக் கொடுத்துவிடும்.

பிறகு நடப்பது இது. நோயாளியின் முள்ளெலும்பு ஒன்றில் சின்னக் கிளிப் மாதிரி ஒரு அடையாளச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்க வைக்கிறார்கள். டாக்டர் கையில் உள்ள கருவியிலும் அதே மாதிரி அடையாள உருண்டைகள். மேஜைக்குப் பக்கத்தில் நிற்கும் கேமரா இரண்டையும் விடாமல் பார்க்கிறது. கருவி அசைந்தால் டி.வி. திரையிலும் அசைகிறது. கருவியின் முனை எலும்புக்குள் எங்கே நிற்கிறது என்று டாக்டர் திரையில் பார்த்தபடியே திருகை இறக்குகிறார்.

2018-ல் அதே கங்கா ஆஸ்பத்திரி டாக்டர்கள் அடுத்த கட்டத்தையும் எழுதினார்கள். ஆபரேஷன் அறைக்குள்ளேயே நகர்ந்து வரும் முழு சி.டி. ஸ்கேனரைக் கொண்டு, சிக்கலான கோணல் முதுகுகளில் திருகு வைத்த அனுபவம் அது.

துணி நகர்ந்தால் வெட்டு தப்பும்

"அப்ப தப்பே நடக்காதுங்களா?"

நடக்கும். அது எப்படி என்று திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதே இல்லை.

பெரிய கம்பெனிகளில் துணி வெட்ட கம்ப்யூட்டரில் மார்க்கர் போடுகிறார்கள். கோடு அணு அளவும் பிசகாது. ஆனால் அடுக்கி விரித்த துணி மேஜையில் அரை அங்குலம் நகர்ந்துவிட்டால்? மார்க்கர் சரி, மெஷின் சரி, வெட்டு மட்டும் தப்பு. நூறு பீசும் வேஸ்ட்!

இங்கேயும் அதே கதைதான். எலும்பில் மாட்டிய அடையாளச் சட்டத்தை யாராவது கை தவறி இடித்துவிட்டால் திரை ஒரு இடத்தைக் காட்டும், கருவி வேறு இடத்தில் நிற்கும். கேமராவுக்கும் கருவிக்கும் நடுவே யாராவது வந்து நின்றாலும் வழிகாட்டி நின்றுவிடும். அதனால் அனுபவம் உள்ள டாக்டர், தெரிந்த எலும்பு முனையைக் கருவியால் தொட்டு, திரையிலும் அதே முனை தெரிகிறதா என்று அடிக்கடி சரி பார்த்துக்கொள்வார். கம்ப்யூட்டர் இல்லாமலும் வைக்கத் தெரிந்தவர் கையில்தான் கம்ப்யூட்டருக்கு மதிப்பு.

எந்திரத்தின் விலையோ கோடிக்கணக்கில். அதனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது இல்லை.

யாருக்குத் தேவை? யாருக்கு வேண்டாம்?

விஷயத்தின் உயிர் நாடி இதுதான்.

சாரத்திலிருந்து விழுந்து எலும்பு நொறுங்கியவர். விபத்தில் கழுத்து எலும்பு நழுவியவர். முதுகு கோணிய பிள்ளை. காசநோய் எலும்பை அரித்து, முதுகு மடங்கிப்போனவர். கட்டி வந்தவர். இவர்களில் திருகு தேவைப்படுகிறவர்களுக்கு, முக்கியமாக நெஞ்சு, கழுத்துப் பகுதியில் வைப்பவர்களுக்கு, இந்த வழிகாட்டி பெரிய பாதுகாப்பு.

ஆனால் பவர் டேபிள் டெய்லருக்கு வரும் இடுப்புப் பிடிப்பு?

அதில் பெரும்பாலானவை சில வாரங்களில் தானாகக் குறைந்துவிடும். டிஸ்க் பிதுங்கி கால் வரைக்கும் இழுக்கும் வலி கூட, பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில், மருந்திலும் பயிற்சியிலும் மட்டுப்படுகிறது. குறையாமல் ஆபரேஷன் வரை போனாலும், பிதுங்கிய துண்டை மட்டும் எடுக்கும் சாதாரண டிஸ்க் ஆபரேஷனுக்கு வழக்கமாகத் திருகே தேவை இல்லை. திருகே இல்லாத இடத்தில் திருகுக்கு வழி காட்டும் எந்திரம் எதற்கு?

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து நடுங்க வேண்டியதும் இல்லை. வலியே இல்லாத நடுத்தர வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுங்கியிருப்பது தெரியும். ரிப்போர்ட்டும் உடம்பும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் டாக்டர் வேலை.

அதே நேரம் சில அறிகுறிகள் வந்தால் ஒரு நாள் கூட தள்ளக் கூடாது. காலில் பலம் குறைவது, பாதம் தொங்குவது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது அடைத்துக்கொள்வது, உட்காரும் இடம் மரத்துப்போவது. இவை அவசரம். தைலம் தேய்த்துக்கொண்டு 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று இருந்தால் போன சக்தி திரும்பாமலே போகலாம். முதுகு வலியோடு காய்ச்சலும், உடம்பு இளைப்பதும் சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். காசநோய் மருந்து அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பலருக்கு அந்த மருந்தே போதும், கத்தி தேவைப்படாது.

பணத்துக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் வந்தது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று பிறகு உயர்ந்தது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2022-ல் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் ஆனது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் இடிக்கிறது. மாதம் 12 ஆயிரம் வாங்கும் டெய்லரின் வருஷ வருமானமே 1 லட்சத்து 44 ஆயிரம். வீட்டில் புருஷன், பெண்சாதி இரண்டு பேரும் கம்பெனிக்குப் போனால் வரம்பை எங்கோ தாண்டிவிடும்.

இப்படிப்பட்டவர்களுக்குக் கை கொடுப்பது இ.எஸ்.ஐ.தான். 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி 12 ஆயிரம் சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 90 ரூபாய். முதலாளி பங்கு 390 ரூபாய். நோயில் படுத்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். இதற்கு ஆறு மாத காலத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம்; அதற்கு சேர்ந்த முதல் நாளே உரிமை உண்டு. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் நடக்கும் விபத்தும் 2010 சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டுவிட்டது. பீஸ் ரேட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வெளி மாநிலத்துத் தொழிலாளிக்கும் பொருந்தும்.

'கார்டு எதுக்குங்க, அந்த 90 ரூவாயையும் கையில குடுத்துருங்க' என்று கேட்கிறவர்களும் உண்டு. பதிவே இல்லாமல் ஆள் ஓட்டும் யூனிட்டுகளும் உண்டு. முதுகெலும்பு ஒடிந்த நாளில்தான் அந்த 90 ரூபாயின் விலை தெரியும்.

ஐந்து கேள்விகள்

ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால் கோபப்படவும் வேண்டாம், கும்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளவும் வேண்டாம். இந்த ஐந்தையும் கேட்க வேண்டும்.

1. "ஆபரேஷன் பண்ணலேன்னா என்ன ஆகும்ங்க? கொஞ்ச வாரம் பொறுக்கலாமா?"

2. "எனக்குத் திருகு வைக்கிறீங்களா, டிஸ்க்கை மட்டும் எடுக்கிறீங்களா?"

3. "திருகுன்னா எந்த எலும்புல? அந்த இடத்துக்கு கம்ப்யூட்டர் வழிகாட்டி அவசியமா?"

4. "திருகு வச்ச பிறகு, தையல் போடறதுக்கு முன்னாடி படம் எடுத்து சரி பார்ப்பீங்களா?"

5. "கார்டுல எவ்வளவு போகும்? அதுக்கு மேல நான் எவ்வளவு கட்டணும்?"

நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சந்தேகம் தீரவில்லை என்றால் ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. 2022 ஜனவரியில் திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே எலும்பு டாக்டரிடம் காட்டிக் கேட்க பீஸ் கிடையாது.

விழுந்தவரைத் தூக்காதீங்க!

கடைசியாக ஒன்று. கோடி ரூபாய் எந்திரத்தையும் வீணாக்குகிற தப்பு ஆபரேஷன் அறையில் நடப்பது அல்ல, ரோட்டில் நடப்பது.

ஆள் விழுந்தால் நாலு பேர் ஓடி வருகிறோம். நல்ல மனசுதான். கையையும் காலையும் பிடித்துத் தூக்குகிறோம். மடக்கி ஆட்டோவில் ஏற்றுகிறோம். உட்கார வைத்து சோடா கொடுக்கிறோம். ஒடிந்த எலும்பு தண்டுவடத்தைக் குத்துவது அந்த ஒரு நிமிஷத்தில்தான் நடக்கலாம்.

108-க்குப் போன் பண்ணுங்க. அதுவரை தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்க. தீ, ஓடும் வண்டி என்று வேறு ஆபத்து இருந்து நகர்த்தியே ஆகவேண்டும் என்றால், நாலைந்து பேர் சேர்ந்து, தலை, முதுகு, கால் ஒரே நேராக இருக்கும்படி மரக்கட்டையை உருட்டுவது மாதிரி உருட்டி, பலகையில் ஏற்றுங்க. பனியன் கம்பெனியில் பலகைக்கா பஞ்சம்?

எந்திரம் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் அது பார்ப்பது எலும்பை மட்டும்தான். அந்த எலும்புக்குத் திருகு வேணுமா, இன்னும் ஆறு வாரம் பொறுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியது டாக்டரும், எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளியும். கேள்வி கேட்க வேண்டிய நேரம் அது. மயக்க மருந்து ஏறிய பிறகு கேட்க முடியாது.